எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்குக் கைபேசி–சமூக ஊடகப் பாடம்: ஆறு வாரத்தில் நடத்துவதற்கு முழுமையான வழிகாட்டி

இது தமிழ்நாட்டுப் பள்ளிகளில் எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு வாரம் ஒரு பாடவேளை வீதம் நடத்துவதற்கான திட்டம். பாடவேளை 40 நிமிடம், வகுப்பில் 40 பேர் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. வகுப்பாசிரியரே நடத்தலாம், கணினி ஆசிரியர்தான் வேண்டும் என்பதில்லை.

பல பள்ளிகளில் இந்த வேலை காலைக் கூட்டத்தில் ஒரு மணி நேர ‘விழிப்புணர்வு’ உரையோடு முடிந்துவிடுகிறது. பயமுறுத்துகிற மாதிரி நாலு சம்பவம் சொல்வார்கள், பிள்ளைகள் கைதட்டிவிட்டுக் கலைவார்கள். அதில் ஒரு கெடுதல் இருக்கிறது. ஏற்கெனவே யாரிடமோ படம் அனுப்பிவிட்டுத் தவிக்கிற பிள்ளை அந்த உரையைக் கேட்ட பிறகு வாயே திறக்காது. அதனால் இங்கே பயம் முதலில் வராது. புகார் வழி, பெற்றோர், கணக்கெடுப்பு, அமைப்புகள், ஃபார்வர்டு, படம், கடைசியில் விதிகள் என்பதுதான் வரிசை. இதை மாற்றினால் எங்கே இடிக்கும் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

1. முதல் வகுப்புக்கு முன்பே புகார் வழியை முடிவு செய்யுங்கள்

இந்தப் பாடம் தொடங்கிய இரண்டு மூன்று வாரத்துக்குள் யாராவது ஒரு பிள்ளை வந்து ஏதாவது சொல்லும். ஃபேக் ஐடி, மிரட்டல், மார்பிங் செய்த படம் என எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்குத்தான் யாரிடம் போவது என்று யோசித்தால் விஷயம் ஆசிரியர் அறை முழுக்கப் பரவிவிடும்.

பள்ளியில் இதைக் கேட்டுக்கொள்ள இரண்டு பேர் போதும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். தலைமையாசிரியருக்கு எப்போது சொல்வது, பெற்றோருக்கு யார் சொல்வது என்று அரைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் பிள்ளைகள் பிரச்சினையைச் சீட்டில் எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டி இருந்தால் அதன் சாவி யாரிடம், வாரத்தில் எந்த நாள் திறக்கப்படும் என்பதையும் உறுதி செய்யுங்கள். தூசி படிந்த பெட்டியில் யாரும் சீட்டு போட மாட்டார்கள்.

சட்டத்தில் ஒன்றை மட்டும் ஆசிரியர்கள் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி, 18 வயதுக்கு உட்பட்ட ஒருவருக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விடுவது 21ஆம் பிரிவின்படி குற்றம். “பள்ளி பேர் கெட்டுவிடும், நமக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம்” என்பதற்கு இங்கே இடமே இல்லை.

வகுப்புச் சுவரில் ஒட்ட வேண்டிய எண்கள் நான்கு: சிறார் உதவிக்கு 1098, சைபர் குற்றத்துக்கும் பண மோசடிக்கும் 1930, பள்ளிக்கல்வித் துறையின் உதவி மையம் 14417, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. பிள்ளைகள் கையாலேயே எழுதி ஒட்டச் செய்யுங்கள், எண் மனதில் நிற்கும்.

2. கையில் இருக்க வேண்டியவை

போன் நேரத்தைப் பிள்ளைகள் ஒரு வாரம் குறித்து வைக்க, அரை ஏ4 தாளில் அச்சிட்ட பதிவுத்தாள் ஆளுக்கு ஒன்று, கொஞ்சம் கூடுதலாக. பெயர் எழுதாமல் கேள்வி போடச் சின்னச் சீட்டுகள். மூன்று சார்ட். காட்டுவதற்கு ஒரு ஆன்ட்ராய்டு போன், ஹைடெக் ஆய்வகம் இருந்தால் அதன் திரை.

காட்டும் போன் ஆசிரியரின் சொந்தப் போனாக இருக்கக் கூடாது. பாதி வகுப்பில் ‘பணம் அனுப்பியாச்சா’ என்று சொந்தக்காரர் அனுப்பும் செய்தி திரையில் குதிக்கும், அத்தோடு பாடம் முடிந்தது. பழைய போன் ஒன்றில் புதுக் கணக்குத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்கள் போன் கொண்டுவர வேண்டாம். அமைப்புகளை மாற்றுவதெல்லாம் வீட்டில் செய்கிற வேலை. வகுப்பில் போன் இருந்தால், போன் இல்லாத பிள்ளை யார் என்பது முதல் நிமிடத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

3. பெற்றோர் கூட்டம்: மூன்றே மூன்று கோரிக்கை

முதல் வகுப்புக்கு ஒரு வாரம் முன்பு நடத்துங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தோடு சேர்த்துவிட்டால் ஆள் கூடும். அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

முதல் கோரிக்கை: பிள்ளை தானாக வந்து ஒரு பிரச்சினையைச் சொன்னால், அதற்காகப் போனைப் பிடுங்க மாட்டோம் என்று பெற்றோர் வாக்குக் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் மறைப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அடிக்குப் பயம் இல்லை, போன் போய்விடும் என்ற பயம்தான். இந்த வாக்கு இல்லாமல் ஐந்தாம் வாரப் பாடம் வேலைக்கு ஆகாது.

இரண்டாவது: பிள்ளைகள் பதிவுத்தாளை நிரப்பும் முதல் வாரம் முடியும்வரை எதையும் மாற்றாமல் விட வேண்டும். கூட்டம் முடிந்த கையோடு அப்பா வீட்டுக்குப் போய் வைஃபையை அணைத்துவிட்டால், பிள்ளை எழுதும் பதிவில் உண்மை இருக்காது.

மூன்றாவது: இரவில் போன் எங்கே சார்ஜ் ஏறும் என்று வீட்டில் ஓர் இடத்தை யோசித்து வைக்க வேண்டும். பெரியவர்கள் போனும் அங்கேதான்.

இதே கூட்டத்தில் பள்ளி தன் பக்கத்தையும் சரி செய்ய வேண்டும். “போனைத் தொடாதே” என்று பகலில் சொல்லிவிட்டு, இரவு ஒன்பதரைக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் போடுகிற பள்ளி பேசுவதை எந்தப் பிள்ளையும் மதிக்காது. வீட்டுப்பாடம் கரும்பலகையிலும் டைரியிலும் இருக்கட்டும். குழுவில் மாலை ஏழு மணிக்கு மேல் எதுவும் போடுவதில்லை என்று அறிவியுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் வீட்டுப்பாடம் வருகிறவரை, “படிக்கத்தான் எடுத்தேன்” என்ற பதிலுக்கு மறுபேச்சு கிடையாது.

4. முதல் வாரம்: எண்ணுவது மட்டும்

இந்த வாரம் அறிவுரை எதுவும் வேண்டாம். பதிவுத்தாளைக் கொடுத்து எப்படி நிரப்புவது என்று சொல்லிக்கொடுங்கள், போதும்.

தாளில் ஏழு வரிசை, நாளுக்கு ஒன்று. நான்கு பத்தி: எழுந்தது முதல் பள்ளிக்குக் கிளம்பும்வரை, பள்ளி விட்டது முதல் ஏழு மணிவரை, ஏழு முதல் ஒன்பது, ஒன்பதுக்கு மேல். ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் ஓர் எழுத்து: படிப்புக்கு ‘ப’, விளையாட்டுக்கு ‘வி’, ரீல்ஸ் அல்லது ஷார்ட்ஸுக்கு ‘ரீ’, அரட்டைக்கு ‘அ’, படம் வரைவது, வீடியோ வெட்டி ஒட்டுவது போல எதையாவது தானே செய்வதற்கு ‘செ’.

ஆன்ட்ராய்டு 9 முதல் போனிலேயே டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பகுதியில் இந்தக் கணக்கு வருமே, தாள் எதற்கு என்று கேட்பார்கள். நம் வீடுகளில் பாதிப் போன் அம்மாவுடையது. அந்தக் கணக்கில் அம்மா பார்த்த சீரியலும் சேர்ந்திருக்கும், யார் கையில் எவ்வளவு நேரம் இருந்தது என்று போனுக்குத் தெரியாது. தனிப் போன் இருக்கிறவர்கள் மட்டும் போன் காட்டும் எண்ணைத் தாளின் கீழே எழுதலாம். ஒரு நாளில் எத்தனை முறை திறந்தோம் என்ற எண்ணும் அங்கேயே இருக்கிறது. மணிக்கணக்கைவிட அந்த எண்தான் பிள்ளைகளை நிமிர வைக்கும்.

தாளில் பெயர் வேண்டாம். தனக்கு மட்டும் தெரிந்த ஒரு குறி போட்டுக்கொள்ளட்டும். பெயர் எழுதச் சொன்னால் வகுப்பு முழுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் யாருமே போன் பார்க்காத அதிசயம் நடக்கும்.

போன் இல்லாத பிள்ளைகள் டிவி நேரத்தை எழுதலாம், அல்லது வீட்டில் ஒருவரைக் கவனித்து அவர் பெயர் சொல்லாமல் எழுதலாம். இதை எல்லோருக்கும் பொதுவான விருப்பமாகச் சொல்லுங்கள். “போன் இல்லாதவங்க மட்டும்” என்று பிரித்துச் சொல்லாதீர்கள்.

புதிதாக நடத்துகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம், “மூணு மணி நேரத்துக்கு மேல பாக்கறவங்க கை தூக்குங்க” என்பது. அரை நிமிடத்தில் அது பெருமைப் போட்டியாகிவிடும்.

5. இரண்டாம் வாரம்: ஆப் என்ன செய்கிறது, நாம் எதை மாற்றலாம்

தாளைப் பார்த்து ஒரே கேள்வி: “எந்த நேரத்தில் நினைத்ததைவிட அதிகமாகப் போயிற்று?” மொத்தம் எவ்வளவு என்று கேட்க வேண்டாம். அநேகமாக எல்லாத் தாளிலும் ஒரே ஒரு கட்டம்தான் தனியாகத் தெரியும், அதுவும் பெரும்பாலும் ஒன்பதுக்கு மேல். இனி வேலையெல்லாம் அந்தக் கட்டத்தில்தான்.

ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் என்று ஒற்றை எண் கொடுக்காதீர்கள். அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர்கள் அமைப்பே இரண்டு மணி நேரம் என்ற பொது வரம்பை 2016இல் கைவிட்டுவிட்டது. தூக்கம், படிப்பு, உடல் அசைவு ஆகியவை கெடாமல் பார்த்துக்கொள்வதே அதன் பின் வந்த பரிந்துரைகளின் சாரம். தூக்கத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடச் சொல்லுங்கள். 13 முதல் 18 வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். ஆறு மணிக்கு எழ வேண்டிய பிள்ளை ஒன்பதரைக்குத் தூங்கினால் எட்டரை மணி நேரம். அப்படியானால் ஒன்பது மணிக்கே போன் கையை விட்டிருக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டால் வாதாடுவதற்கு எதுவும் இல்லை.

அடுத்து சார்ட். இடப்பக்கம் ஆப் செய்வதை எழுதுங்கள்: முடிவே இல்லாமல் கீழே ஓடுவது, அடுத்த வீடியோ தானே தொடங்குவது, சிவப்புப் புள்ளி, ஸ்னாப்சாட்டில் தினமும் அனுப்பிச் சேர்த்த தொடர்ச்சி (ஸ்ட்ரீக்) அறுந்துவிடும் என்ற பதற்றம். வலப்பக்கம் அதற்கு எதிராக நாம் மாற்றக்கூடிய அமைப்பு. பிள்ளைகளே பாதியை நிரப்பிவிடுவார்கள், உங்களைவிட அவர்களுக்குத்தான் இது தெரியும்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றை இந்த வரிசையில் கொடுங்கள், ஒரு நாளைக்கு ஒன்று:

முதலில் நோட்டிஃபிகேஷன். அழைப்பும், தெரிந்த ஆட்களின் செய்தியும் மட்டும் வரட்டும், மற்ற ஆப்களுக்கு அணைத்துவிடலாம். இது யாருக்கும் வலிக்காது, அதனால் முதலில் இது.

அடுத்து யூடியூபில் ஆட்டோபிளே நிறுத்தம், தூங்கும் நேர நினைவூட்டல்.

மூன்றாவது, அதிகம் இழுக்கிற ஒரே ஒரு ஆப்புக்கு டைமர். எல்லா ஆப்புக்கும் ஒரே நாளில் டைமர் வைத்தால் மறுநாளே எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். இதற்கு மட்டும், தாளில் இருக்கும் எண்ணைவிடக் கால் பங்கு குறைத்து வையுங்கள்.

நான்காவது, போன் தூங்கும் இடம். மேலே சொன்ன மூன்றையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. டைமரை இரண்டு தட்டலில் தாண்டிவிடலாம், ஃப்ரிட்ஜ் மேல் இருக்கும் போனை எடுக்க எழுந்து போக வேண்டும். ‘படுக்கையறைக்கு வெளியே’ என்று சொல்லாதீர்கள், ஒற்றை அறை வீடுகள் நிறைய. பாயிலிருந்து கை எட்டாத இடம் என்று சொல்லுங்கள். “அலாரத்துக்குப் போன் வேணும் சார்” என்று நாலு பேராவது கிளப்புவார்கள். சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கச் சொல்லுங்கள், பேச்சு முடிந்தது.

6. மூன்றாம் வாரம்: கணக்கு, பிறந்த வருடம், பணம்

இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் இரண்டுக்கும் குறைந்தபட்ச வயது 13. எட்டாம் வகுப்பின் தொடக்கத்தில் பாதிப் பேருக்கு இன்னும் 12தான். எனவே கணக்குத் தொடங்கக் கற்றுக்கொடுப்பது உங்கள் வேலை இல்லை. ஏற்கெனவே இருக்கிற கணக்கைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

பெரும்பாலான பிள்ளைகளின் கணக்கில் பிறந்த வருடம் பொய். அதன் விளைவு பிள்ளைகளுக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. இன்ஸ்டாகிராமில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான டீன் அக்கவுன்ட் ஏற்பாடு 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. கணக்கு தானாகவே பூட்டியிருக்கும், அறிமுகமில்லாதவர் செய்தி அனுப்ப முடியாது, இரவு பத்து முதல் காலை ஏழுவரை நோட்டிஃபிகேஷன் அடங்கியிருக்கும். 16 வயதுக்கு உட்பட்டவர் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். 1999இல் பிறந்ததாகப் பதிந்த பிள்ளைக்கு இதில் ஒன்றும் கிடைக்காது, பெரிய ஆளுக்குக் காட்டுவதை எல்லாம் காட்டும். அம்மாவின் கூகுள் கணக்கில் யூடியூப் பார்க்கிற பிள்ளைக்கும் இதே கதிதான்.

வயதை வகுப்பிலேயே திருத்தச் சொல்லிவிடாதீர்கள். உண்மையான வயது 13க்குக் கீழ் என்றால் கணக்கே முடக்கப்படலாம், இரண்டு வருடப் படங்கள் போகும், பழி உங்கள் மேல் விழும். பெற்றோரோடு உட்கார்ந்து, வேண்டிய படங்களை இறக்கி வைத்துக்கொண்டு செய்யட்டும்.

கடவுச்சொல்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: மூன்று நான்கு சொற்களைக் கோத்த நீளமான வாசகம், ஊர்ப்பெயரும் பிறந்த நாளும் இல்லாமல். வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க பின். இந்த வயதில் உண்மையான ஆபத்து ஹேக்கர் இல்லை, பக்கத்து பெஞ்ச்தான். ‘நீ என் ஃப்ரெண்டுன்னா பாஸ்வேர்டு சொல்லு’ என்பது இங்கே சகஜம். ஒரு நிமிடம் போன் கையில் கிடைத்தால் வாட்ஸ்அப்பை வேறு கருவியில் இணைத்துவிட்டு எல்லா அரட்டையையும் படிக்கலாம். ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதியைத் திறந்து, தெரியாத கருவி இருந்தால் நீக்குவது எப்படி என்று திரையில் காட்டுங்கள். அன்று மாலையே ஒன்றிரண்டு வீடுகளில் ஏதாவது சிக்கும்.

சுயவிவரப் படத்தில் சீருடையோ அடையாள அட்டையோ இருந்தால், பள்ளி எது, எத்தனை மணிக்கு விடும் என்பது வரை அன்னியருக்குத் தெரியும். வகுப்பறையில் எடுத்த ரீல்ஸுக்கும் இது பொருந்தும்.

பணத்தைப் பற்றி மூன்று வரி. யுபிஐ பின் பணம் அனுப்புவதற்கானது, பணம் வாங்க அது தேவையே இல்லை. உதவித்தொகை வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள் என்று வரும் அழைப்பைத் துண்டித்துவிட்டுப் பள்ளியில் கேட்க வேண்டும். விளையாட்டில் டைமண்ட் வாங்க அம்மாவின் பின் தெரிந்திருப்பது வீட்டில் பெருமையாகப் பேசப்படுகிறது. அந்தப் பின்னை அன்றே மாற்றச் சொல்லுங்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது, அதனால் ‘ரம்மியில சம்பாதிக்கலாம்’ என்று வரும் எந்த இணைப்பும் சந்தேகத்துக்கு உரியதே. பணம் போய்விட்டால் உடனே 1930. தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் அந்தப் பணம் இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும்.

7. நான்காம் வாரம்: ஃபார்வர்டு

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியைக் குழந்தை கடத்த வந்தவர் என்று நினைத்துக் கும்பல் அடித்தே கொன்றது. வழியில் பார்த்த குழந்தைகளுக்கு அவர் சாக்லேட் கொடுத்தார், அவ்வளவுதான். குழந்தை கடத்தும் கும்பல் நடமாடுகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தி ஏற்கெனவே ஊரைத் தயாராக்கி வைத்திருந்தது. இதை வகுப்பில் சொல்லுங்கள், ஆனால் அந்தக் காணொளியைத் தேடிக் காட்டாதீர்கள். 2023 தொடக்கத்தில் புலம்பெயர் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாக வேறு இடங்களில் நடந்த சம்பவங்களின் காணொளிகள் பரப்பப்பட்டதையும் சேர்த்துக்கொள்ளலாம். பயந்துபோன தொழிலாளர்கள் ஊருக்கு ரயில் ஏறினார்கள்.

பிறகு பயிற்சி. நான்கு செய்திகளை அச்சிட்டுக் குழுவுக்கு ஒரு தொகுப்பாகக் கொடுங்கள். இரண்டு உண்மை, இரண்டு பொய். நான்கும் பொய் என்று வைத்தால் பிள்ளைகள் கற்றுக்கொள்வது சரிபார்ப்பை அல்ல, எல்லாமே பொய் என்ற சோம்பேறித்தனத்தை.

இதற்கு மழை விடுமுறை அறிவிப்பைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் பழைய அறிவிப்பில் தேதியை மாற்றி யாராவது விடுவார்கள். பிள்ளைகளுக்கு இதில் உண்மையான அக்கறை உண்டு, அதனால் கவனமாகப் பார்ப்பார்கள். தேதி, மாவட்டம், எந்த வகுப்புவரை, மாவட்ட ஆட்சியரின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் அதே அறிவிப்பு இருக்கிறதா என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்.

படம் என்றால் கூகுள் லென்ஸில் போட்டு இதற்கு முன் எப்போது, எங்கே வந்தது என்று பார்க்கலாம். அரசு தொடர்பான செய்திக்குத் தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு ‘பலமுறை பகிரப்பட்டது’ என்று வந்தால், அந்தச் செய்தி ஐந்து கை தாண்டி வந்திருக்கிறது என்று பொருள். அதை ஒரு நேரத்தில் ஒரே அரட்டைக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020இல் வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது சும்மா இல்லை.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களுக்கு ‘விரலை எண்ணு, காதைப் பார்’ என்ற குறிப்புகள் வேண்டாம். ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் அந்தப் பிழைகள் குறைகின்றன, நீங்கள் சொன்னது பொய்யாகிவிடும். முதலில் யார் வெளியிட்டது என்று தேடும் பழக்கத்துக்கு வயதாகாது. சாட்ஜிபிடியில் வீட்டுப்பாடம் எழுதுவதற்கு ஒரு விதி போதும்: முதல் வரைவு நோட்டில், சொந்தக் கையெழுத்தில். அதன் பிறகு சந்தேகம் கேட்கலாம், வந்த பதிலைப் பாடநூலோடு ஒப்பிட்டுப் பிழை ஒன்றாவது கண்டுபிடித்து எழுத வேண்டும்.

8. ஐந்தாம் வாரம்: படம், கேலி, மிரட்டல்

மிகக் கடினமான வாரம் இது. முதல் வாரத்தில் இதை வைத்தால் யாரும் பேச மாட்டார்கள். நான்கு வாரம் பெயர் கேட்காமல், கை தூக்கச் சொல்லாமல் நடத்தியதால் சேர்ந்த நம்பிக்கையில்தான் இந்த வகுப்பு ஓடும்.

பெண் பிள்ளைகளை மட்டும் தனியே கூப்பிட்டு அறிவுரை சொல்லும் பழக்கத்தை விடுங்கள். படத்தைக் கேட்பவன், குழுவில் போடுபவன், சிரிப்பு எமோஜி வைப்பவன் எல்லோரும் இந்த வகுப்பில்தான் இருக்கிறார்கள். பணம் கேட்டு மிரட்டும் கும்பல்கள் பையன்களையும் குறிவைக்கின்றன, பெண் பெயரில் ஃபேக் ஐடி வைத்துப் பேசிப் படம் வாங்குவார்கள். பாடம் சேர்ந்து, கேள்விச் சீட்டுகள் மட்டும் தனித்தனிப் பெட்டியில்.

முதல் பாதியில் கேலி. ஒரு வகுப்புக் குழு, அதில் ஒருவரை ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள் என்று கற்பனைச் சூழல் கொடுத்து, ஒவ்வொருவரும் அட்மின், சிரித்தவர், பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தவர் ஆகிய மூவரில் ஒருவராக நின்று அடுத்து அனுப்பும் ஒரே ஒரு வரியை எழுத வேண்டும். நடிக்கச் சொல்லாதீர்கள். நடிப்பில் சிரிப்பு வந்துவிடும், உண்மையிலேயே ஸ்டிக்கராக்கப்பட்ட பிள்ளை அங்கேயே உட்கார்ந்திருக்கும். பார்த்தவர் செய்யக்கூடியது சின்ன விஷயம்தான்: குழுவில் சண்டை போடாமல், பாதிக்கப்பட்டவருக்குத் தனியாக ஒரு செய்தி. பிள்ளைகள் எழுதுகிற வரிகளில் நல்லதை வாசித்துக் காட்டுங்கள்.

இரண்டாம் பாதியில் மிரட்டல் வந்தால் செய்ய வேண்டியவை. சார்ட்டில் இந்த வரிசையிலேயே இருக்கட்டும்:

பணமும் அனுப்பாதே, இன்னொரு படமும் அனுப்பாதே. கொடுத்தால் நிற்காது, கேட்பது கூடும்.

எதையும் அழிக்காதே. பயத்தில் எல்லாப் பிள்ளைகளும் முதலில் செய்வது அரட்டையை அழிப்பதுதான், அதோடு ஆதாரமும் போகிறது. மிரட்டியவரின் கணக்குப் பெயர், செய்தி, தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடு.

அதற்குப் பிறகுதான் பிளாக், ரிப்போர்ட்.

அன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல். வீட்டில் முடியாவிட்டால் பள்ளியில் அந்த இரண்டு பேர், அதுவும் முடியாவிட்டால் 1098.

தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில், பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட படங்கள் பற்றிப் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். 18 வயதுக்கு உட்பட்டவரின் அந்தரங்கப் படத்தை இணையத்திலிருந்து எடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையும் உண்டு. படம் போனை விட்டு வெளியே போகாது, அதிலிருந்து உருவாகும் எண் அடையாளம் மட்டும் அதில் சேர்ந்திருக்கும் சமூக ஊடக நிறுவனங்களுக்குப் போகும், அதை வைத்து அவை அந்தப் படத்தைத் தடுக்கும்.

ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இப்படி ஒரு படத்தைப் பற்றிப் புகார் வந்தால், ‘ஆதாரத்துக்கு எனக்கு அனுப்பு’ என்று கேட்காதீர்கள். தலைமையாசிரியருக்கு ஃபார்வர்டும் செய்யாதீர்கள். சிறாரின் ஆபாசப் படத்தைப் பரப்புவது மட்டுமல்ல, தேடுவதும் இறக்கி வைப்பதும்கூடத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் குற்றம், நோக்கம் நல்லதாக இருந்தாலும் சிக்கல்தான். படம் இருக்கும் போனில் அப்படியே இருக்கட்டும், காவல் துறை பார்த்துக்கொள்ளும். நீங்கள் எழுத வேண்டியது பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே, தேதி, நேரத்தோடு.

பிள்ளை சொல்லும்போது முதலில் உங்கள் வாயில் வரக் கூடாத கேள்வி, “நீ ஏன்மா அனுப்பினே?” அதைக் கேட்ட நொடியில் கதை பாதியில் நின்றுவிடும். “சொன்னது நல்லதாப் போச்சு, இப்ப என்ன செய்யலாம்னு பாப்போம்” என்று தொடங்குங்கள். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள், சட்டப்படி உங்களால் அதைக் காப்பாற்ற முடியாது. “தெரிஞ்சே ஆகணும்னு இருக்கறவங்களுக்கு மட்டும் சொல்வேன், அதுவும் உனக்குச் சொல்லிட்டுத்தான்” என்று சொல்லலாம்.

9. ஆறாம் வாரம்: பிள்ளைகள் எழுதும் ஒப்பந்தம்

விதிகள் கடைசியில் வருவதற்குக் காரணம், இப்போதுதான் எந்தக் கட்டம் தன்னுடைய பலவீனம் என்று பிள்ளைக்குத் தெரியும். முதல் நாளே எழுதச் சொன்னால் ஆசிரியருக்குப் பிடித்த வரிகளை எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் நேரமோ இடமோ ஆளோ இருந்தாக வேண்டும். ‘போனை அளவோடு பயன்படுத்துவேன்’ என்பதைத் திருப்பிக் கொடுங்கள். ‘இரவு ஒன்பது மணிக்கு போன் சமையலறை அலமாரிக்குப் போகும்’ என்பது செல்லும். ‘யார் படத்தையும் அவர்களிடம் காட்டாமல் ஸ்டேட்டஸில் வைக்க மாட்டேன்’ என்பதும் செல்லும்.

ஒரு வரி பெற்றோருக்கு உரியது, அதையும் பிள்ளைதான் எழுத வேண்டும். ‘சாப்பிடும்போது அப்பாவும் போன் பார்க்கக் கூடாது’ என்பது நிறையத் தாள்களில் வரும். அடித்துவிடாதீர்கள், அந்த வரிதான் மற்ற நான்கையும் தூக்கி நிறுத்தும்.

மீறினால் என்ன என்பதையும் எழுத வேண்டும், சிறியதாக. ஒரு நாள் மீறினால் மறுநாள் அரை மணி நேரம் குறையும் என்கிற அளவுக்கு. ‘ஒரு மாதம் போன் இல்லை’ என்று எழுதினால் பெற்றோராலேயே கடைப்பிடிக்க முடியாது, மூன்றாம் நாள் ஒப்பந்தம் செத்துவிடும். கையெழுத்து இரண்டு பக்கமும். ஒரு பிரதி போன் சார்ஜ் ஏறும் இடத்துக்கு மேலே ஒட்டட்டும்.

10. நான்கு வாரம் கழித்து

அதே பதிவுத்தாளை மூன்று நாளுக்கு மட்டும் மறுபடி கொடுங்கள். முதல் தாளோடு ஒப்பிட வேண்டியது அந்த ஒரு கட்டத்தை மட்டும்தான். அது குறைந்திருந்தால் ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தளர்த்தலாம், பிள்ளை அதற்குத் தகுதியானது. குறையவில்லை என்றால் பெரும்பாலும் போன் தூங்கும் இடம் மாறாமல் இருக்கும், முதலில் அதை விசாரியுங்கள்.

தேர்வு விடுமுறையில் எல்லாம் பழையபடி ஆகும். அது தோல்வி இல்லை. பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒப்பந்தத்தை எடுத்துத் தேதியை மட்டும் புதுப்பித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சில பிள்ளைகளுக்கு இந்த ஆறு வாரம் போதாது. வகுப்பில் தினமும் தூங்கி விழுவது, போனை வாங்கினால் பொருட்களை உடைக்கும் அளவுக்குக் கோபம், சாப்பாட்டையும் நண்பர்களையும் விட்டு ஒதுங்குவது, வீட்டில் பணம் காணாமல் போவது ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து சில வாரம் நீடித்தால், இன்னொரு அறிவுரையோ இன்னொரு டைமரோ உதவாது. பெற்றோரைத் தனியாக அழைத்து 14416க்குப் பேச வையுங்கள், தேவைப்பட்டால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். அந்தப் பிள்ளையின் பெயரை வகுப்பிலோ ஆசிரியர் அறையிலோ உச்சரிக்க வேண்டாம்.